ஆறு நொடி முன்னிலையும் எட்டுப் பேரும்

2015 செப்டம்பர் 12 அன்று, ஸ்பெயினின் மூன்று வாரச் சுற்றுப் பந்தயமான வுவெல்டாவில் டாம் டுமூலன் என்ற நெதர்லாந்து வீரர் 6 நொடி முன்னிலையில் இருந்தார். இரண்டாம் இடத்தில் இத்தாலியின் ஃபாபியோ ஆரு. மறுநாள் மாட்ரிட் வீதிகளில் நடக்கவிருந்த கடைசிக் கட்டம் வேக ஓட்டக்காரர்களுக்கானது. முதலிடத்தில் இருப்பவரை அங்கே யாரும் சீண்டுவதில்லை. ஆகவே குவாடர்ராமா மலைகளில் அந்த ஒரு நாளைத் தாண்டிவிட்டால் பட்டம் டுமூலனுக்கு. அன்று மாலை பட்டியலில் அவர் ஆறாம் இடத்தில் இருந்தார், ஆருவுக்கு மூன்றரை நிமிடத்துக்கும் மேல் பின்னால்.

அன்று ஏற வேண்டிய மலைகளில் கடைசிக்கு முந்தையது மோர்குவேரா. அதில் ஆருவின் அஸ்தானா அணி வேகத்தைக் கூட்டியபோது டுமூலன் சற்றே பின்தங்கினார். உச்சியில் இடைவெளி அரை நிமிடம்கூட இல்லை. இறக்கத்தில் கைதேர்ந்தவர் என்பதால் சில நொடிகள் வரை நெருங்கியும் வந்தார். அதற்குப் பிறகு வந்தது பள்ளத்தாக்கு, கோட்டோஸ் மலை தொடங்கும் வரை. அஸ்தானா காலையிலேயே லூயிஸ் லியோன் சான்செஸ், ஆந்த்ரே செய்ட்ஸ் இருவரையும் முன்னே ஓடிய குழுவில் அனுப்பி வைத்திருந்தது. அவர்கள் இப்போது வேகத்தைக் குறைத்துத் தங்கள் தலைவருக்காகக் காத்திருந்தார்கள். ஆரு வந்து சேர்ந்ததும் அவரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மிதித்தார்கள். டுமூலனுக்கு முன்னால் அப்படி மிதிக்க அவர் அணியில் ஒருவரும் இல்லை. சில நொடி அரை நிமிடமானது, அரை நிமிடம் நிமிடங்களானது.

தோற்கடித்தது மலை அல்ல, பள்ளத்தாக்கு. சாலைச் சைக்கிள் பந்தயத்தில் ஒரு நட்சத்திர வீரருக்கு அணியின் பலம் எவ்வளவு முக்கியம் என்ற கேள்விக்கு, ‘மிக முக்கியம்’ என்று ரசிகர்களும் ‘கடைசியில் கால்தான் பேசும்’ என்று வீரர்களும் சொல்லி முடித்துவிடுகிறார்கள். என் கருத்தில், அணிபலத்துக்கு நிலையான மதிப்பு என்று ஒன்று கிடையாது. எந்தச் சாலையில், எந்த வேகத்தில், போட்டியாளருக்கும் நட்சத்திரத்துக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது என்பதைப் பொறுத்து அது பூஜ்யமாகவும் இருக்கும், எல்லாமுமாகவும் இருக்கும். டுமூலனின் வாழ்க்கையே இதற்குக் கிட்டத்தட்ட முழுமையான சோதனைக்கூடம். பலவீனமான அணியோடு தோற்றார், பலவீனமான அணியோடு வென்றார், பலமான அணியிடம் தோற்றார், கடைசியில் பலமான அணியிலேயே சேர்ந்து அதோடும் தோற்றார்.

முதலில் காற்று. சமதளத்தில் மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் தனியாகப் போகும் ஒருவர் ஏறக்குறைய 400 வாட் சக்தி செலவிட வேண்டும். தோராயமாகக் கணக்கிட்டால் அதில் பத்தில் ஒன்பது பங்கு காற்றைக் கிழிக்க மட்டுமே போகிறது. முன்னால் ஒருவர் இருந்து அந்தக் காற்றுச்சுமையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தால் நூறு வாட்டுக்கு மேல் மிச்சம். அதே வீரர் நூற்றுக்கு எட்டு சரிவில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும்போதும் 400 வாட்டுக்குச் சற்றுக் குறைவாகவே செலவிடுகிறார். ஆனால் இங்கே கிட்டத்தட்ட முழுவதும் புவியீர்ப்புக்குப் போகிறது. காற்றுக்குப் போவது 30 வாட் அளவுதான். முன்னால் யார் இருந்தாலும் மிச்சமாவது பத்து வாட். செங்குத்தான ஏற்றத்தில் நட்சத்திரம் ஏறத்தாழத் தனியாள். சமதளத்தில் அவர் தன் அணியின் நிழலில் வாழ்பவர்.

பெருங்கூட்டத்தின் நடுவே இந்த நிழல் இன்னும் அடர்த்தியானது. பெல்ஜியப் பேராசிரியர் பெர்ட் பிளாக்கன் குழுவினர் 2018இல் 121 வீரர்கள் கொண்ட கூட்டத்தைக் கணினியிலும் காற்றுச் சுரங்கத்திலும் வைத்துப் பார்த்தார்கள். கூட்டத்தின் உட்பகுதியில், பின்வரிசைகளில் உள்ளவருக்குக் காற்றுத்தடை தனியாக ஓட்டுபவருக்கு இருப்பதில் 5 முதல் 10 சதவீதம்தான் என்று கண்டார்கள். அப்படியானால் அங்கேயே சொகுசாக உட்கார்ந்துகொள்ளலாமே என்று தோன்றும். பின்வரிசையில் இருப்பவர் முன்னால் நடக்கும் விபத்தில் சிக்குவார். பக்கக் காற்றில் கூட்டம் துண்டானால் தவறான துண்டில் மாட்டுவார். எனவே நட்சத்திரம் முன்பக்கமாக இருக்க வேண்டும், காற்றும் படக்கூடாது. ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கித் தருவதுதான் அணியின் அன்றாட வேலை. தண்ணீர்க் குப்பி சுமப்பது, மழைச்சட்டை கொண்டுவருவது, டயர் பஞ்சரானால் தன் சைக்கிளையே இறங்கிக் கொடுப்பது எல்லாம் இதற்கு மேல்.

டூர் தி பிரான்ஸைத் தொடங்கிய ஆன்றி தெக்ரான்ஜுக்கு இந்த ஏற்பாடே பிடிக்கவில்லை. மனிதன் தனியாகப் போராட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1913இல் எஜேன் கிறிஸ்தோஃபின் சைக்கிள் முன்கவை தூர்மலே மலையில் உடைந்தது. சைக்கிளைத் தூக்கிக்கொண்டு அடிவாரக் கிராமம் வரை நடந்து, கொல்லுப் பட்டறையில் தானே சம்மட்டி அடித்துச் சரிசெய்தார். துருத்தி ஊத ஒரு சிறுவன் உதவினான் என்பதற்காக அவருக்கு நேரத் தண்டனை விதித்தார்கள். அந்த இலட்சியம் காற்றின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. 1934இலேயே ரெனே வியெத்தோ என்ற இருபது வயதுப் பையன், பிரெஞ்சு அணியின் தலைவர் அந்தோனன் மாஞ்ஞுக்காகத் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாலையோரச் சுவரில் உட்கார்ந்திருந்த படம் பிரான்ஸ் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் மீண்டும் மாஞ்ஞுக்குக் கோளாறு. தகவல் கிடைத்ததும் வியெத்தோ மலையில் எதிர்த்திசையில் திரும்பி வந்து தன் சைக்கிளைக் கொடுத்தார். மாஞ்ஞு வென்றார், வியெத்தோ ஐந்தாம் இடம். தெக்ரான்ஜ் கனவு கண்ட தனிமனிதப் பந்தயத்தில் மக்கள் தங்கள் நாயகனாக எடுத்துக்கொண்டது உதவியாளனை.

மறுபடி டுமூலன். 2015இல் அவர் இருந்த ஜயன்ட்-அல்பேசின் அணியைப் பலவீனமான அணி என்று ஒற்றை வார்த்தையில் ஒதுக்குவது சரியல்ல. அது ஜான் டேகன்கோல்ப் என்ற வேக ஓட்டக்காரருக்காகக் கட்டப்பட்ட அணி; டுமூலன் வீழ்ந்த மறுநாள் மாட்ரிட்டில் அதே டேகன்கோல்ப் கட்டத்தை வென்றார். சமதளத்தில் கனமான, பலமான ஆட்கள் வேண்டும். மலையில் மெலிந்தவர்கள் வேண்டும். முதல் வகையினர் எத்தனை பேர் இருந்தாலும் மோர்குவேரா உச்சிக்கு அப்பால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள். அணிபலம் என்று பொதுவாகப் பேசுவதில் உள்ள சிக்கல் இதுதான். அஸ்தானாவோ தன் பெரிய பெயரான வின்சென்சோ நிபாலியைப் பந்தயத்தின் இரண்டாம் நாளிலேயே இழந்திருந்தது. அணிக் காரைப் பிடித்துக்கொண்டு போனதற்காக அவரை வெளியேற்றிவிட்டார்கள். அப்படியும் சரியான இடத்தில் சரியான ஆட்கள் மீதமிருந்தார்கள்.

இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோ தி இத்தாலியாவில், 2017இல், டுமூலனின் நிலை இன்னும் மோசம். மலையில் அவருக்கு நம்பகமான துணை வில்கோ கெல்டர்மான். ஒன்பதாம் கட்டத்தில், பிளாக்ஹவுஸ் மலைக்குச் சற்று முன், சாலையோரம் நின்ற போலீஸ் மோட்டார் சைக்கிளால் நேர்ந்த விபத்தில் அவர் விழுந்து பந்தயத்தை விட்டார். எதிரே மோவிஸ்டார் அணியின் நைரோ கின்டானா, பஹ்ரைன் அணியின் நிபாலி. இரண்டுமே மலைக்குத் தயாரான அணிகள். போதாக்குறைக்குப் பதினாறாம் கட்டத்தில் டுமூலனுக்கு வயிற்றுக் கோளாறு. சாலையோரம் ஒதுங்க வேண்டிவந்து இரண்டு நிமிடத்துக்கு மேல் இழந்தார். தொலைக்காட்சி அதையும் விடாமல் காட்டியது. இத்தனைக்கும் பிறகு 31 நொடியில் கின்டானாவை வென்றார்.

எப்படி? தனித்தனியாகக் கடிகாரத்தோடு மட்டும் போட்டியிடும் டைம் ட்ரையலில் அணிக்கு வேலை இல்லை. அந்த ஜிரோவில் இரண்டு டைம் ட்ரையல்கள், மொத்தம் 69 கிலோமீட்டர். மொன்தெஃபால்கோவில் முடிந்த முதலாவதில் மட்டும் டுமூலன் கின்டானாவைவிட 2 நிமிடம் 53 நொடி கூடுதலாகச் சேர்த்தார். மிலானில் முடிந்த கடைசி நாளில் மீதியைச் சரிக்கட்டினார். 2015 வுவெல்டாவில் தனிநபர் டைம் ட்ரையல் மொத்தம் 39 கிலோமீட்டர்தான். அவருடைய தோல்விக்கும் வெற்றிக்கும் இடையே மாறியது அணி அல்ல, பாதை.

இன்னொன்றும் நடந்தது. கடைசிக்கு முந்தைய நாள், ஆசியாகோ போகும் வழியில், டுமூலன் மறுபடியும் முன்குழுவிடமிருந்து பிரிந்து அணி ஆட்கள் இல்லாமல் நின்றார். வுவெல்டா திரும்ப நடக்கிறது என்றே பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் அவரோடு இருந்த பௌகே மொல்லமா, பாப் யுங்கல்ஸ், ஆடம் யேட்ஸ் மூவரும் தத்தம் இடங்களைக் காப்பாற்றத் தாங்களும் துரத்த வேண்டியிருந்தது. யுங்கல்ஸும் யேட்ஸும் இளம் வீரருக்கான வெள்ளை ஜெர்சிக்குப் போட்டியாளர்கள் வேறு. நான்கு பேரும் மாறிமாறி முன்னால் வந்து மிதித்ததில் டுமூலன் 15 நொடி மட்டுமே இழந்தார். சம்பளப் பட்டியலில் இல்லாத ஓர் அணி அவருக்குச் சிறிது நேரத்துக்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டு அதே ஜிரோ, அதே வெள்ளை ஜெர்சி, விளைவு தலைகீழ். பத்தொன்பதாம் கட்டம் தொடங்கும்போது டுமூலன் இரண்டாமிடம். முதலிடத்தில் இருந்த சைமன் யேட்ஸைவிட 28 நொடி பின்னால். ஸ்கை அணியின் கிறிஸ் ஃபுரூம் நான்காமிடம், மூன்று நிமிடத்துக்கும் மேல் பின்னால். கோலே தெல்லே ஃபினெஸ்த்ரே மலையின் மண்பாதையில் ஸ்கை வீரர்கள் ஒருவர் ஓய்ந்ததும் இன்னொருவர் என்று வேகத்தை ஏற்றிக்கொண்டே போக, யேட்ஸ் உடைந்தார். கடைசித் துணையான கெனி எலிசோந்த் ஒதுங்கியதும், முடிவிடத்துக்கு 80 கிலோமீட்டர் மீதமிருக்க, ஃபுரூம் தனியாகக் கிளம்பிவிட்டார். மலையின் பல இடங்களில் அணி ஊழியர்கள் குப்பியும் உணவும் வைத்துக்கொண்டு அவருக்காக நின்றிருந்தார்கள். இதையும் அணிபலத்தில்தான் சேர்க்க வேண்டும். எட்டு வீரர்களுக்குப் பின்னால் சமையல்காரர், மருத்துவர், மெக்கானிக், உணவுக் கணக்குப் போடுபவர் என்று ஒரு படையே இருக்கிறது.

பின்னால் டுமூலனோடு தீபோ பினோ, ரிச்சர்ட் கராபாஸ், மிகேல் ஏஞ்சல் லோபெஸ். இறக்கம் முடிந்ததும் டுமூலன் ஒரு முடிவெடுத்தார்: பினோவின் அணித்தோழர் செபாஸ்டியான் ரைஷன்பாக் பின்னாலிருந்து வந்து சேரும் வரை வேகத்தைக் குறைப்பது. துரத்த ஓர் ஆள் கூடுதலாகக் கிடைக்கும் என்று கணக்கு. ரைஷன்பாக் இறக்கங்களில் மெதுவானவர். காத்திருந்த நேரத்தில் ஃபுரூமின் முன்னிலை வளர்ந்தது. கராபாஸும் லோபெஸும் வெள்ளை ஜெர்சிக்காக ஒருவரையொருவர் கண்காணித்துக்கொண்டு துரத்தலில் பங்கெடுக்க மறுத்தார்கள். ஃபுரூம் மூன்று நிமிட இடைவெளியில் வென்று முதலிடத்தையும் பிடித்தார். ரோமில் பந்தயம் முடிந்தபோது வித்தியாசம் 46 நொடி. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ரைஷன்பாக்குக்காகக் காத்திருந்த அந்தக் கணம். தன் அணியிலிருந்து ஒரே ஒரு மலையேறி கூட இருந்திருந்தால் டுமூலன் இன்னொரு அணியின் ஆளுக்காகச் சாலையில் காத்து நின்றிருக்கமாட்டார். அணியின் பலவீனம் கால்களைப் பாதிக்கும் முன்பே முடிவெடுக்கும் திறனைப் பாதிக்கிறது.

அதே 2018 ஜூலையில் டூர் தி பிரான்ஸிலும் அவர் இரண்டாமிடம். அவருக்கு முன்னால் கெரெய்ன்ட் தாமஸ், பின்னால் ஃபுரூம், இருவரும் ஸ்கை. மூர்-தெ-பிரெத்தாஞ் கட்டத்தில் சக்கரப் பழுதால் பின்தங்கி ஐம்பது நொடிக்கு மேல் இழந்தவர், அணிக் காரின் மறைவில் ஓட்டியதற்காக மேலும் 20 நொடி தண்டனை பெற்றார். முன்னால் மறைவு தர ஆள் இல்லாதவர் காரின் பின்னால் ஒளிந்தார் என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனாலும் பொருத்தமில்லாமல் இல்லை.

2020இல் டுமூலன் எதிர்ப்பக்கம் போனார். ஜம்போ-விஸ்மா அப்போது உலகின் பலமான அணி: தலைவர் பிரிமோஷ் ரோக்லிச், மலையில் செப் கஸ், எல்லா நிலத்திலும் வௌட் வான் ஆர்ட். அந்த ஆண்டு டூரில் டுமூலன் தன் வாய்ப்பை பெய்ரெசூர்த் மலையில் ரோக்லிச்சுக்காக மிதித்துக் கரைத்தார். எதிரே 21 வயது தாதேய் பொகாச்சார். அவருடைய யூஏஇ அணியில் ஃபாபியோ ஆரு ஒன்பதாம் கட்டத்தில் விலகினார்; டேவிடே ஃபொர்மோலோ கழுத்தெலும்பு முறிந்து அடுத்த கட்டத்தோடு வீடு திரும்பினார். லாவோர் போகும் வழியில் பக்கக் காற்றில் கூட்டம் உடைந்தபோது பொகாச்சார் பின்துண்டில் சிக்கி 1 நிமிடம் 21 நொடி இழந்தார். அணி சரியில்லாததன் விலை என்று இதை எழுதிவிடலாம்தான். ஆனால் அதே துண்டில் இனியோஸ் போன்ற செல்வந்த அணியின் கராபாஸும் இருந்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கடைசிக்கு முந்தைய நாள் லா பிளான்ஷ் தே பெல் ஃபீ மலையில் முடியும் 36 கிலோமீட்டர் டைம் ட்ரையல். ரோக்லிச்சுக்கு 57 நொடி முன்னிலை. அதுவரை அதிவேக நேரத்தைப் பதிந்திருந்த டுமூலன், முன்னணியில் இருப்பவருக்கான நாற்காலியில் வான் ஆர்ட்டோடு அமர்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொகாச்சார் டுமூலனின் நேரத்தைவிட 1 நிமிடம் 21 நொடி வேகமாக முடித்தார், ரோக்லிச்சைவிட 1 நிமிடம் 56 நொடி. மூன்று வாரம் முழுக்கக் கூட்டத்தின் தலையில் நின்று காற்றை வாங்கிய அணி, காற்றுமறைவே இல்லாத ஒரு மணி நேரத்தில் தோற்றது. அந்தத் திரையைப் பார்த்த அவர்கள் இருவரின் முகத்தையும் கேமரா நெடுநேரம் விடவில்லை.

ஜம்போ-விஸ்மா இதிலிருந்து சரியான பாடத்தைக் கற்றது. வேகமாக இழுத்துச் செல்வதால் மட்டும் பொகாச்சாரை உடைக்க முடியாது, அவருக்கு அது இலவசப் பயணம். 2022இல் கலிபியே மலையில் அவர் தன் ஆட்களிடமிருந்து பிரிந்து நின்றபோது ரோக்லிச்சும் யோனாஸ் விங்ககோரும் மாறிமாறித் தாக்கினார்கள். ஒருவரைத் துரத்திப் பிடித்ததும் மற்றவர் பாய்வார். பொகாச்சார் ஒவ்வொன்றுக்கும் தானே பதில் சொன்னார். ரோக்லிச்சைப் போகவிட்டிருக்கலாம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். முந்தைய வாரம் விழுந்து தோள் நழுவியிருந்த அவர் அன்று பத்து நிமிடத்துக்கு மேல் இழந்தார். ஆனால் இருபத்து மூன்று வயதில், முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியோடு, பக்கத்தில் நிதானம் சொல்ல ஆளில்லாமல் அப்படி யோசிக்க முடியுமா என்பது வேறு விஷயம். அடுத்த மலையான கிரானோனில் விங்ககோரிடம் 2 நிமிடம் 51 நொடி இழந்தார். பாரிஸில் இறுதி வித்தியாசம் 2 நிமிடம் 43 நொடி. கோவிட்டும் காயமும் சேர்ந்து அவர் அணி அதற்குள் எட்டிலிருந்து நான்காகியிருந்தது.

செங்குத்தில் காற்றுமறைவு பத்து வாட்தான் என்று மேலே சொன்னேன். கலிபியேயில் அணி வேலை செய்தது காற்றின் வழியாக அல்ல. இரண்டு பேரில் யாரை நம்புவது, யாரை விடுவது என்று எதிராளியைத் திணறவைப்பதும் பலம்தான், அதற்கு இரண்டு தலைவர்கள் தேவை. இதற்கும் ஓர் எல்லை உண்டு. 2021 டோக்கியோ ஒலிம்பிக் மகளிர் சாலைப் பந்தயத்தில் நெதர்லாந்து அணியில் நான்கு பேருமே உலகத் தரம். காதில் வானொலி கிடையாது. ஆஸ்திரியாவிலிருந்து தன்னந்தனியாக வந்த கணித ஆய்வாளர் அன்னா கீசன்ஹோஃபர் இன்னும் முன்னால் இருப்பதையே அவர்கள் தவறவிட்டார்கள். இரண்டாவதாக வந்த அன்னமீக் வான் ஃப்ளூட்டன் தான் வென்றதாக நினைத்துக் கைகளை உயர்த்தினார்.

வெற்றிப் பட்டியலை வைத்து அணிபலத்தை நிரூபிக்க நினைப்பவர்கள் ஒரு பொறியில் விழுகிறார்கள். 2012 முதல் 2019 வரை எட்டு டூர்களில் ஏழில் ஸ்கை அல்லது அதன் தொடர்ச்சியான இனியோஸ் வென்றது. அணியால் வென்றார்களா, சிறந்த ஆட்களைப் பணம் கொடுத்துச் சேர்த்ததால் வென்றார்களா? பிரித்துச் சொல்ல வழியில்லை, ஏனெனில் துணை வீரர்களே வேறு அணிகளில் தலைவர்களாக இருக்கக்கூடியவர்கள். 2018இல் தாமஸுக்காக மலையில் இழுத்த ஏகான் பெர்னால் மறு வருடமே டூரை வென்றார். 2023இல் ஜம்போ-விஸ்மா ஜிரோ, டூர், வுவெல்டா ஆகிய மூன்று பெரும் பந்தயங்களையும் மூன்று வெவ்வேறு ஆட்களை வைத்து வென்றது. வுவெல்டாவை வென்றவர் பல ஆண்டு துணையாகவே இருந்த செப் கஸ். பொகாச்சாருக்கும் இப்போது அந்த வசதி உண்டு: ஆடம் யேட்ஸும் ஜோவாவ் அல்மெய்டாவும் அவருக்குத் துணை. ஒரு பணக்கார அணி அப்படி ஓர் ஆளை வாங்கும்போது தனக்கு ஒரு துணையைச் சேர்ப்பதோடு எதிராளிகளில் ஒருவரையும் குறைக்கிறது. 2025 டூரில் அல்மெய்டா விலா எலும்பு முறிந்து ஒன்பதாம் கட்டத்தில் விலகினார். அதன் பிறகும் பொகாச்சார் 4 நிமிடம் 24 நொடியில் வென்றார். மற்றவர்களைவிட நிமிடக்கணக்கில் மேலான ஒருவருக்கு அணி காப்பீடு மாதிரி. நொடிக்கணக்கில் மேலான டுமூலனுக்கு அதுவே முதலீடு.

அணிகளின் பிடியைத் தளர்த்தவும் பாதுகாப்புக்காகவும் 2018இல் பெரும் பந்தயங்களில் அணிக்கு ஒன்பது பேர் என்பதை எட்டாகக் குறைத்தார்கள். அந்த வருடமே ஜிரோவையும் டூரையும் ஸ்கை வென்றது. எல்லோருக்கும் ஒருவர் குறைந்தால் பலசாலியின் ஒப்பீட்டுப் பலம் குறைவதில்லை. பந்தயம் நடத்துபவர்கள் உண்மையிலேயே தனியாளுக்கு வாய்ப்புத் தர விரும்பினால் செய்ய வேண்டியது டைம் ட்ரையல் தூரத்தைக் கூட்டுவது. 2012 டூரில் அது நூறு கிலோமீட்டரை ஒட்டி இருந்தும் ஸ்கையின் விக்கின்ஸ்தானே வென்றார் என்று கேட்கலாம்; வென்றார், அந்த வருடம் அந்த வித்தையில் அவரே சிறந்தவர். அங்கே தோற்றவர்கள் அணி இல்லாததால் தோற்றோம் என்று சொல்ல முடியாது. இன்றைய பாதைகளில் சொல்ல முடிகிறது. தொலைக்காட்சிக்கு மலை அழகாக இருக்கிறது, கடிகாரம் சலிப்பூட்டுகிறது என்பதற்காக அந்தத் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது தவறு.

டுமூலன் 2022இல் ஓய்வுபெற்றார். மூன்று வாரப் பந்தயங்களில் அவர் வென்றது ஒன்றே ஒன்று, 2017 ஜிரோ.